பதினோரு புறாவும் முனைவர் பட்டமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நிரூபணங்களை இனிச் செயற்கை நுண்ணறிவே எழுதிவிடும், ஆகவே கணித தர்க்கத்தில் முனைவர் பட்டம் செய்வது வீண் என்று உங்கள் உயர்கல்வி வழிகாட்டிப் பக்கத்தில் ஒரு கருத்து வந்திருந்தது. டெல்டா மாவட்டக் கல்லூரிகளில் எம்.எஸ்ஸி. படிக்கும் பிள்ளைகள் இதை நம்பி ஒதுங்கிவிடக் கூடாது.

2024-ல் சர்வதேசக் கணித ஒலிம்பியாட் கணக்குகள் ஆறில் நான்கைக் கூகுள் டீப்மைண்டின் நிரல்கள் தீர்த்தது உண்மைதான். ஆனால் கணக்குகளை நிரலுக்கேற்ற மொழியில் எழுதிக் கொடுத்தவர்கள் மனிதர்கள். வடிவகணிதம் நீங்கலான விடைகளைச் சரிபார்த்தது லீன் என்ற மென்பொருள். அது தர்க்க ஆய்வில் விளைந்த பொருள். அந்த மொழியில் எழுதுவதில்தான் வம்பே இருக்கிறது. லீனில் இயல் எண்களில் 2-லிருந்து 3 போனால் 0. எதை 0-ஆல் வகுத்தாலும் 0. எல்லா இடத்திலும் ஒரு மதிப்பு இருந்தாக வேண்டும் என்பதற்காக வைத்துக்கொண்ட ஏற்பாடு இது. கவனிக்காமல் தேற்றத்தை எழுதினால் லீன் மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்ளும். நிரூபணமானது நாம் நினைத்த தேற்றமாக இருக்காது.

இந்தத் துறை தனக்கு ஒத்துவருமா என்று பார்க்க மாணவருக்கு ஒரு சாதாரண மடிக்கணினி போதும். மினிசாட் போன்ற சாட் சால்வர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கொடுத்த நிபந்தனைகள் எல்லாம் ஒருசேர நிறைவேறும்படி மாறிகளுக்கு உண்மை, பொய் என்று மதிப்பிட முடியுமா என்று தேடும் நிரல்கள் இவை. 11 புறாக்களை 10 கூண்டுகளில், கூண்டுக்கு ஒன்று வீதம் அடைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். எந்தப் புறா எந்தக் கூண்டில் என்பதற்கு 110 மாறிகள். ஒவ்வொரு புறாவுக்கும் ஏதாவதொரு கூண்டு வேண்டும், அதற்கு 11 நிபந்தனைகள். ஒரே கூண்டில் இரண்டு கூடாது, அதற்குக் கூண்டுக்கு 55 வீதம் 550. மொத்தம் 561. சால்வருக்குக் கொடுக்கும் டிமாக்ஸ் என்ற வடிவக் கோப்பில் ஒவ்வொரு நிபந்தனையும் 0 போட்டு முடிய வேண்டும். ஒரு 0 விட்டுப்போனால் அடுத்த வரியும் அதோடு ஒட்டிக்கொண்டு கேள்வியே வேறாகிவிடும்.

முடியாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மினிசாட்டோ, புறாவையும் கூண்டையும் ஒவ்வொன்றாகக் கூட்டக் கூட்டத் திணறும். நேரம் மடங்கு மடங்காக ஏறும். குற்றம் கணினியின் வேகத்தில் இல்லை. இவ்வகைச் சால்வர்களுக்கு அடித்தளம் ரெசல்யூஷன் என்ற ஒற்றை விதி: ஒரு மாறி ஒன்றில் உண்மையாகவும் மற்றதில் பொய்யாகவும் வரும் இரு நிபந்தனைகளிலிருந்து அந்த மாறியை நீக்கிப் புதிய நிபந்தனை ஒன்றைப் பெறுவது. அதை மட்டும் வைத்துக்கொண்டு புறாக்கூண்டுக்கு எழுதும் எந்த நிரூபணத்தின் நீளமும் அடுக்கேற்ற முறையில் பெருகியே தீரும் என்று ஆர்மின் ஹாக்கன் 1985-ல் நிறுவினார். (1976-ல் நான்கு வண்ணத் தேற்றத்தைக் கணினி கொண்டு முடித்த இருவரில் ஒருவரான வொல்ஃப்காங் ஹாக்கனின் மகன் இவர்.) நடுவில் புதிய மாறிகளைச் சேர்த்துக்கொள்ள அனுமதித்தால் நிரூபணம் சுருங்கிவிடுகிறது. ஆனால் எந்த மாறியை எப்போது சேர்ப்பது என்று கணினிக்குச் சொல்லிக்கொடுக்க எல்லாக் கேள்விக்கும் பொருந்தும் நல்ல வழி இன்னும் இல்லை. ஆய்வுக்குரிய கேள்வி இங்கேதான் கிடக்கிறது.

இன்னொன்று: சால்வர் 'முடியும்' என்றால் மதிப்புகளைப் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். 'முடியாது' என்றால் அதை வெறுமனே நம்பக் கூடாது. ஏன் முடியாது என்பதன் படிகள் அடங்கிய சான்றுக் கோப்பைக் கேட்டு வாங்கி வேறொரு நிரலில் ஓட்ட வேண்டும். 2016-ல், 1 முதல் 7825 வரையுள்ள எண்களுக்கு இரு நிறம் பூசினால், எப்படிப் பூசினாலும் ஒரே நிறத்தில் ஒரு பிதாகரஸ் மும்மை (3, 4, 5 போல, இரண்டின் வர்க்கங்களைக் கூட்டினால் மூன்றாவதன் வர்க்கம் வரும் எண்கள்) வந்தே தீரும் என்று இப்படித்தான் காட்டினார்கள். 7824 வரை தப்பிக்கலாம். சான்றின் அளவு ஏறத்தாழ 200 டெராபைட்!

நம் பக்கம் தர்க்கம் என்பது பெரும்பாலும் உண்மை அட்டவணையோடு ஓர் அலகில் முடிந்துபோகிறது. முதல்நிலைத் தர்க்கம், கோடலின் நிறைவுத் தேற்றம், கொஞ்சம் ஆட்டோமேட்டா, கணிப்புச் சிக்கலியல் இவை இல்லாமல் தரமணி கணித அறிவியல் நிறுவனத்துக்கோ சிறுசேரி சென்னை கணிதவியல் கழகத்துக்கோ நேர்காணலுக்குப் போனால் முதல் கேள்வியிலேயே வாய் அடைத்துவிடும். எம்.எஸ்ஸி. இரண்டு வருடத்தில் இவற்றைத் தானாகவே படித்துக்கொள்ள முடியும். ஆய்வு நிறுவனங்களில் முனைவர் பட்டச் சேர்க்கைக்கான ஜெஸ்ட் நுழைவுத் தேர்வில் கோட்பாட்டுக் கணினியியலுக்குத் தனித்தாள் இருப்பது பல மாணவர்களுக்குத் தெரிவதே இல்லை.

ஆய்வேடு என்றால் கிராஃப் லேபிளிங், ஃபஸ்ஸி என்று பழைய கட்டுரைகளைத் தட்டச்சு செய்து பைண்டிங் போடுவது என்றாகிவிட்டது. திருவாரூர், மயிலாடுதுறை, கும்பகோணம் கல்லூரிகள் ஆண்டுக்கு ஒரு மாணவருக்காவது தேர்வு அட்டவணையைச் சாட் கோப்பாக எழுதும் வேலையைக் கொடுக்கலாம். 40 தாள், 12 அமர்வு என்றால் எந்தத் தாள் எந்த அமர்வில் என்பதற்கு 480 மாறிகள். எல்லாத் தாளும் நடந்தாக வேண்டும் என்பதற்கு 40 வரி. ஒரே தாள் இரண்டு அமர்வில் வரக் கூடாது என்பதற்கு 2640 வரி. பொதுவான மாணவர் உள்ள ஒவ்வொரு ஜோடித் தாளுக்கும் 12 வரி. தேர்வுக்கூடத்தில் இத்தனை பேர்தான் உட்காரலாம் என்று சேர்க்கும்போதுதான் கோப்பு வீங்கும். அதைச் சுருக்குவதே நல்லதொரு ஆய்வேடு. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் பைண்டிங்கைப் புரட்டுவதை விட்டுவிட்டு, கோப்பில் பத்து வரியை அழித்தால் விடை மாறுமா, ஏன் என்று கேட்கட்டும்.

கணித ஆசிரியர்கள் இருவர்,
மன்னார்குடி.