வின்ச் போடும்போது நாய் எங்கே? ஆஃப்ரோடு பயிற்சி நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆஃப்ரோடு, அதாவது சாலையில்லாத கரடுமுரடான தடங்களில் வண்டி ஓட்டும் பயிற்சி நடத்தும் கிளப் நண்பர்களுக்கு,

வணக்கம். மலைத் தடங்களில் தனியாக வண்டி ஓட்டிப் போய், கூடாரம் போட்டுத் தங்கி வருகிற ஆள் நான். தனியாக என்றால், கூட மனிதர் யாரும் இல்லை, அவ்வளவுதான். இரண்டு நாய்கள் எப்போதும் வரும். என்னைப் போல நாயோடு கிளம்புகிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்கள் பயிற்சிக்கும் வருகிறார்கள். வரும்போது மட்டும் நாயை வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்கிறீர்கள். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

நீங்கள் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பாறைத் தடத்தில் ஏறும் முன் டயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குவது, தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறக்காமல் நிரப்புவது, செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்காமல் லோ ரேஞ்சில் (வண்டியை மெதுவாக, அதிக இழுவையோடு ஓடவைக்கும் கியர் அமைப்பில்) முதல் கியரைப் போட்டு இன்ஜின் பிடியிலேயே இறங்குவது, எல்லாமே உங்களிடம் கற்றதுதான். ஆனால் நீங்கள் சொல்லும் எல்லாக் கணக்கிலும் வண்டிக்குள் ஓட்டுபவர் இருக்கிறார், பெட்டி படுக்கை இருக்கிறது. பின்னால் மூச்சிரைத்தபடி உட்கார்ந்திருக்கும் 30 கிலோ உயிர் மட்டும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. எரிபொருள் ஜெர்ரி கேனை இறுக்கிக் கட்டச் சொல்லும் நீங்கள், நாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை.

வின்ச்சையே எடுத்துக்கொள்வோம்: கயிற்றை ஒரு மரத்தில் மாட்டி, மோட்டாரால் சுருட்டி, மாட்டிக்கொண்ட வண்டியை இழுத்து எடுக்கும் கருவி. வண்டி சேற்றில் இறங்கிவிட்டது. கூட ஒருவர் இருந்தால் நாயைப் பிடித்துக்கொள்வார். தனி ஆள் என்ன செய்வார்? நான் பார்த்தவரை பெரும்பாலும் கதவைத் திறந்து நாயை இறக்கிவிடுவார். உள்ளே இருந்தால் குரைத்துத் தள்ளுகிறது, வண்டி சரிந்துவிட்டால் அது மாட்டிக்கொள்ளுமே என்ற பயம் வேறு. சரி, இறங்கிய நாய் எங்கே போகும்? நேராக நம் காலடிக்குத்தான் வரும். நாம் போய் வருவதோ வின்ச்சுக்கும் மரத்துக்கும் நடுவே. இழுவையில் இருக்கும் கயிற்றிலிருந்து அதன் நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது தள்ளி நில்லுங்கள், தாண்டிப் போகாதீர்கள் என்று நீங்கள் தொண்டை கிழியக் கத்துவது மனிதர்களுக்குப் புரியும். நாயின் கண்ணுக்கு அது தரையில் நகரும் ஒரு கயிறு. பாய்ந்து கவ்வத் தோன்றும். கயிற்றை மாட்டும் இரும்பு வளையமான ஷேக்கிள் தெறித்தால் என்ன வேகத்தில் வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதைவிட மோசம், நாய் குறுக்கே போவதைப் பார்த்ததும் ஓட்டுபவர் வின்ச் ரிமோட்டைப் போட்டுவிட்டு அதன் பின்னால் ஓடுவது. கயிறு முறுக்கேறி நிற்கும், ஆள் அதன் மேலே நிற்பார்.

நான் பின்பற்றும் ஒழுங்கு இது. வின்ச் கயிற்றை அவிழ்க்கும் முன்பே நாய்களின் வேலையை முடித்துவிட வேண்டும். வண்டி சமமாக நிற்கிறது, புரளும் ஆபத்து இல்லை என்றால் அவை உள்ளேயே, தரையோடு கட்டப்பட்ட கூண்டில் இருக்கலாம். சரிவில் நிற்கிறது என்றால் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளி, வண்டியைவிட மேடான இடத்தில், வேறொரு மரத்தில் கட்ட வேண்டும். வின்ச் மாட்டிய மரத்திலேயே நாயையும் கட்டி வைத்த மகானுபாவரையும் பார்த்திருக்கிறேன். கட்டுவது மார்பைச் சுற்றி மாட்டும் வார்ப்பட்டையான ஹார்னஸில்தான், கழுத்துப்பட்டையில் கட்டவே கூடாது. வண்டிக்குள்ளும் அப்படித்தான்: ஒரு பாறையிலிருந்து வண்டி சடாரென்று இறங்கினால் கழுத்துப்பட்டையில் கட்டிய நாய் தொங்கிப்போகும். அப்புறம், ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டி வரும் நாய் படத்துக்கு அழகு. மரக்கிளைகள் உரசும் தடத்தில் அதன் கண் போய்விடும்.

இந்த ஒழுங்கு சரியா, இதில் ஓட்டை இருக்கிறதா என்று உங்களைப் போன்ற அனுபவசாலிகள்தான் செய்துபார்த்துச் சொல்ல வேண்டும். நான் ஒருவனாக யோசித்தது ஒருவனின் யோசனைதான்.

அடுத்தது இன்னும் சங்கடமானது. தனியாகப் போகிறவருக்கே அடிபட்டுவிட்டால்? அதற்காகத்தான் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன், அதாவது ஆபத்தில் உதவி கேட்டு சிக்னல் அனுப்பும் கருவி, வைத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள். கோஸ்பாஸ்-சார்சாட் என்ற சர்வதேச மீட்பு அமைப்பின் செயற்கைக்கோள்கள் அந்த அழைப்பைப் பிடித்து மீட்புப் படைக்குச் சேர்த்துவிடும். சரி, வந்து சேர்ந்த மீட்புப் படை வண்டியை நெருங்க முடியுமா? எஜமான் அசையாமல் கிடக்கிறார், முன்பின் தெரியாத நாலு பேர் தலைக்கவசமும் கயிறுமாக ஓடி வருகிறார்கள். நல்ல நாய் என்ன செய்ய வேண்டுமோ அதைத்தான் என் நாய்களும் செய்யும்: பல்லைக் காட்டி மறிக்கும். அந்த நிமிடங்கள் என் உயிரின் கணக்கில் கழியும். ஹெலிகாப்டர் வந்தாலும் நாய்க்கு அதில் இடம் கிடைக்கும் என்று நிச்சயமில்லை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. வாய்ப்பூட்டு மாட்டிக்கொள்ள நாயை வீட்டிலேயே, தின்பண்டம் கொடுத்து, விளையாட்டாகப் பழக்கலாம். அடிபட்ட நாய் வளர்த்தவரையே கடிக்கும் என்பதால் வாய்ப்பூட்டு எப்படியும் தேவைப்படும். அதையும் வாரையும் ஓட்டுபவர் பக்கக் கதவில், வெளியாள் பார்த்ததும் எடுக்கும்படி மாட்டி வைக்கலாம். நாய்களின் பெயர், அடங்கும் சொல், யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதை ஓர் அட்டையில் எழுதி அதோடு கட்டலாம். பயணத் திட்டத்தை யாரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறோமோ, அவரிடம் நாய்கள் வருவதையும் சொல்லி வைக்கலாம். எல்லாம் சின்ன வேலைகள். மலைக்குக் கிளம்பும் ஒருவர் முதலில் வந்து நிற்பது உங்களிடம்தான் என்பதால், இவற்றையும் நீங்களே சொன்னால்தான் உண்டு.

வண்டி கெட்டுவிட்டால் வண்டியை விட்டு நகராதே என்பது உங்கள் முதல் பாடம். நல்ல பாடம். அதற்கான தண்ணீர்க் கணக்கில் நாயையும் சேருங்கள். 30 கிலோ நாய்க்குச் சும்மா படுத்திருந்தாலே ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வேண்டும். தேங்கிய குட்டைத் தண்ணீரை நம்பிவிடலாம் என்றால் எலிக்காய்ச்சல் காத்திருக்கிறது.

இறங்கிப் போய்த் தடத்தைப் பார்த்துவிட்டு வா என்றும் சொல்கிறீர்கள். நாய் மூடிய வண்டிக்குள் இருக்கும். மலையில் குளிராகத்தானே இருக்கிறது என்று தோன்றும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் 10 நிமிடத்தில் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும், வெளியே இதமாக இருந்தாலும். ஜன்னலை ஓர் அங்குலம் இறக்கி வைத்தால் பெரிய வித்தியாசம் ஒன்றும் வராது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38, 39 டிகிரி. 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. சப்பை மூக்கு நாய்கள் என்றால் இன்னும் சீக்கிரம்.

நாயை எல்லா மலைக்கும் விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. வனவிலங்குகளுக்காக நாய்களைத் தடைசெய்த இடங்கள் உண்டு, அந்தத் தடை நியாயமானது. எத்தியோப்பியாவின் பேல் மலைகளில் வீட்டு நாய்களிடமிருந்து தொற்றிய வெறிநோய், அந்த நாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஓநாய்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றிருக்கிறது. தடுப்பூசி போடாத நாயை ஏற்றிக்கொண்டு கிளம்புபவரை உங்கள் கிளப் திருப்பி அனுப்பினால் முதலில் கைதட்டுவது நானாக இருப்பேன்.

நான் கேட்பது பயிற்சியில் ஓர் அரைநாள். மைதானத்தில் வண்டியைச் சேற்றில் இறக்கி, ஓட்டுபவரையும் அவர் நாயையும் மட்டும் விட்டுவிட்டு, நீங்கள் எல்லோரும் தள்ளி நின்று பாருங்கள். நாயை எங்கே கட்டுகிறார், எப்போது கட்டுகிறார், வின்ச் மோட்டார் சத்தத்துக்கு நாய் என்ன செய்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஓட்டுபவரைத் தரையில் படுக்கச் சொல்லி, தெரியாத ஒருவரை நெருங்கிப் போகச் சொல்லுங்கள். கால்நடை மருத்துவர் ஒருவரும் நாய்ப் பயிற்சியாளர் ஒருவரும் கூட இருந்தால் நல்லது. கடிக்கும் என்று தெரிந்த நாய் வாய்ப்பூட்டோடு வரட்டும்.

முதல் வகுப்புக்கு என் இரண்டையும் அழைத்து வருகிறேன். பெரியது எதற்கும் அசையாது. சின்னதற்கு மோட்டார் சத்தம் ஆகாது, ஆகவே உங்கள் சோதனைக்கு அதுதான் சரியான ஆள்.

இப்படிக்கு,
நாய்களோடு மலையேறும் ஒருவன்