நன்றி நவிலல்: அம்மாவின் அந்தியேட்டி முடிந்த மறுநாள்

அம்மாவின் முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி நேற்று முடிந்தது. இந்த 31 நாளும் எங்களோடு நின்ற எல்லோருக்கும் இந்த மடல். என்ன நடந்தது, நான் ஏன் ஊருக்குப் போகவில்லை என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். திரும்ப எழுத மனம் வரவில்லை.

என் இடத்தில் நின்று எல்லாம் செய்த தம்பிமார், ஈமக்கிரியையில் சுண்ணம் இடிக்கும்போது எனக்காகத் தொலைபேசியைப் பிடித்தபடியே நின்ற மச்சாள், இங்கே டென்மார்க்கின் ஓடென்சேயில் முறைவைத்துச் சோறு கறி கொண்டுவந்தவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவந்தவர்கள் எல்லோரையும் கைகூப்பி நினைக்கிறேன்.

கீழ்மாடியில் தனியே இருக்கும் டேனிஷ் அம்மாவைப் பற்றித்தான் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லவேண்டும். படியில் கண்டால் தலையசைப்போம், அவ்வளவுதான் பழக்கம். ஆறாம் நாள் எங்கள் கதவுக் கைபிடியில் ஒரு பாண் பை தொங்கியது. உள்ளே முதுகு கிழிந்த ஒரு புத்தகம். தேவதைக் கதைகளால் பெயர்பெற்ற டேனிஷ் எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் அண்டர்சனின் முதல் நாவல், 'இம்ப்ரொவிசாடோரன்'.

பழைய பதிப்பு. 1948க்கு முந்திய எழுத்துக்கூட்டல். வேலைக்காகப் படித்த என் டேனிஷ் அதற்குக் காணாது. அது அவவுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் மூன்று அத்தியாயத்திலும் கடினமான சொற்களுக்குப் பக்கத்தில் இன்றைய சொல்லைப் பென்சிலால் எழுதியிருந்தா. நடுங்கும் கை. சில இடத்தில் பென்சில் தாளைக் குத்தியிருந்தது.

மூன்றாம் அத்தியாயத்தில் அன்டோனியோ என்ற ஏழைப் பையன் தாயோடு ஜென்சானோ மலர்த் திருவிழாவுக்குப் போகிறான். தெரு முழுக்கப் பூவிதழ் பரப்பியிருக்கிறது. குதிரைகள் மிரண்டு ஓடுகின்றன. வண்டி ஏறித் தாய் இறந்துபோகிறாள். அந்த இடத்தில்தான், செய்தி வந்த நாளுக்குப் பிறகு முதல்தடவையாக நான் வாய்விட்டு அழுதேன்.

ஏன் இந்தப் புத்தகம் என்று படியில் வைத்துக் கேட்டேன். "அவரும் அப்போது இங்கே இல்லை" என்றா.

இதே ஊர் ஆற்றில் ஊராரின் துணி துவைத்து மகனை வளர்த்த அண்டர்சனின் தாய், 1833 அக்டோபரில் கண்மூடினாள். மகன் அரசர் கொடுத்த உதவிப்பணத்தில் இத்தாலிக்குப் பயணம் போயிருந்தார். டிசம்பரில் ரோமில் இருந்தபோது கொலின் என்ற பெரியவரின் கடிதம்தான் செய்தியைக் கொண்டுபோனது. அந்த நகரத்திலேயே இந்த நாவலை எழுதத் தொடங்கினார். 1835 ஏப்ரலில் அது வெளிவந்தது. முதல் தேவதைக் கதைகள் வந்தது அதற்கு அடுத்த மாதம். தன்னைப் பிள்ளைபோல் ஏற்ற கொலின் குடும்பத்துக்கே நாவலைக் காணிக்கையாக்கினார். அந்த ஆற்றங்கரையால் இத்தனை வருடம் வேலைக்குப் போய்வந்தும் இது ஒன்றும் எனக்குத் தெரியாது.

அம்மாவின் ஆட்டைத் திவசத்துக்கு முன் அந்த மூன்றாம் அத்தியாயத்தைத் தமிழில் எழுதித் தம்பிமாருக்கு அனுப்புவேன். இது அம்மாவுக்குக் கொடுக்கும் வாக்கு.

நாலாம் அத்தியாயத்தில் பென்சில் எழுத்து இல்லை. இன்று பின்னேரம் நேற்றைய படையல் பலகாரத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, புத்தகத்தோடு கீழே போய் அவவின் கதவைத் தட்டப்போகிறேன்.