ரிம்ம மாத்துறதுக்கு முன்னாடி ரப்பர பாருங்க தம்பிங்களா

மலேசியாவுல பேராக் பக்கம் நம்ம சுங்கை சிப்புட்லயும் சுத்துப்பட்டு தோட்டத்துலயும் பழைய மினி கார் வெச்சிருக்குற தம்பி தங்கச்சிங்க எல்லாருக்கும், வணக்கம். டவுனுக்குப் பின்னாடி பட்டறை போட்டிருக்குற அண்ணன் எழுதுறேன். 30 வருசத்துக்கு மேல இந்த கையில கிரீஸ்தான், எழுதிப் பழக்கம் இல்ல, ஆனா இத எழுதாம இருந்தா எனக்கு தூக்கம் வராது.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழம காலையில, நான் ரொட்டி சானாய் சாப்புட்டுட்டு வந்து கதவ தொறக்குறேன், லோரி மேல ஒரு மினி வந்து நிக்குது. பச்சை கலர், வெள்ளை கூர, பாக்க அவ்வளவு அழகு. கூட வந்த தம்பிக்கு 22, 23 வயசு இருக்கும், ஃபேக்டரியில மாசக்கணக்கா ஓவர்டைம் பாத்து சேத்த காசுல புது 13 இன்ச் ஸ்போர்ட் ரிம், புது டயர், புது எக்சோஸ் (பொகைக் குழாய்) எல்லாம் வேற டவுன்ல ஒரு கடையில போட்டிருக்கான், போட்டு ரெண்டே வாரம். கூட்டாளிங்க மூணு பேர ஏத்திக்கிட்டு ஈப்போவுல இருந்து வரும்போது ஒரு குழியில எறங்கியிருக்கு. நான் குனிஞ்சு பாத்தேன், பின்பக்க இடது டயர் தோள்பட்டையில ஆர்ச் தகரம் (சக்கரத்துக்கு மேல வளைஞ்சு இருக்குற பாடி) கத்தி மாதிரி வெட்டி உள்ள இருக்குற நூல் வெளிய தெரியுது, எக்சோஸ் பைப்பு, இஞ்சின்ல சேருற மேனிஃபோல்ட் கிட்ட ஒடிஞ்சு கம்பியில கட்டி தொங்குது. நாலு பேர் உயிரோட வந்துட்டாங்க, அது அவங்க அப்பா அம்மா செஞ்ச புண்ணியம். அந்த தம்பிய நான் திட்டல, அவன் மொகத்த பாத்தா திட்ட முடியாது. அவனுக்கு சொன்னதத்தான் ஒங்க எல்லாருக்கும் சொல்றேன்.

மினிக்கு நான் எப்படி பழக்கம்னா, எங்கப்பா தோட்டத்துல கிராணி, கணக்கு எழுதுற வேல. 1978ல செகண்ட் ஹேண்ட்ல ஒரு மினி வாங்குனாரு, 998 சிசி, முன்னாடி அம்மா மடியில தங்கச்சி, பின்னாடி நாங்க நாலு பேரு, தைப்பூசம், கல்யாணம், கருமாதி எல்லாத்துக்கும் அந்த காருதான். சனிக்கெழம சாயங்காலம் ஆனா அப்பா கைலிய மடிச்சு கட்டிக்கிட்டு நாலு டயர்லயும் காத்து பாப்பாரு, பாத்துட்டு கட்டவிரல் நகத்தால டயர் ஓரத்த கீறி பாப்பாரு. நகம் லேசா பதிஞ்சா ரப்பருக்கு உயிர் இருக்குன்னு அர்த்தம், வழுக்கிக்கிட்டு போனா கல்லாயிடுச்சுன்னு அர்த்தம். பால் மரத்து (ரப்பர் மரத்து) ஊர்ல வாழ்ந்த மனுசன், ரப்பர் எப்ப சாகும்னு அவருக்கு தெரியும்.

தம்பிங்களா, நம்ம பக்கத்துல கோலா கங்சார்ல 1877ல நட்ட ரப்பர் மரம் ஒன்னு இன்னும் நிக்குது, பாத்திருப்பீங்க. அந்த கன்னுங்களுக்குப் பின்னாலதான் இந்த ஊரு, இந்த லயம் (தோட்டத்து வரிசை வீடு), நம்ம தாத்தா பாட்டி வந்தது எல்லாம். அந்த வம்சத்துல வந்துட்டு கார்ல ரப்பர பாக்காம ரிம்ம மட்டும் பாக்குறீங்களேன்னுதான் எனக்கு வருத்தம். ஏன்னா மினி மாதிரி ரப்பர நம்பி நிக்குற கார் ரொம்ப கொறவு. சாதாரண கார்ல சஸ்பென்ஷன்னா இரும்பு ஸ்ப்ரிங், மினியில அந்த எடத்துல இருக்குறது ரப்பர் கோன், அலெக்ஸ் மோல்ட்டன்னு ஒரு இஞ்சினியர் செஞ்சது. நடுவுல கொஞ்ச வருசம் தண்ணி வெச்ச சஸ்பென்ஷன் வந்த மாடலும் இருக்கு, ஆனா நம்ம ஊர்ல என் கைக்கு வர்றது பெரும்பாலும் ரப்பர் கோன்தான். நாலு வீலுக்கு நாலு கோன். வருசம் ஆக ஆக அது நசுங்கி இறுகிப் போயிடும், கார் கொஞ்சம் கொஞ்சமா கீழ எறங்கும். நீங்க என்ன நெனைக்கிறீங்க, ஆஹா கார் நல்லா லோவா இருக்கு, ஸ்டைலா இருக்குன்னு. அது ஸ்டைல் கெடையாது, செத்துப் போன கோன். அதுக்கு மேல அகல டயர் போட்டு நாலு பேர ஏத்துனா டயரு எங்க போகும், ஆர்ச்சுக்குள்ளதான் போகும். அந்த பச்சை மினியோட பின்பக்க கோன நான் கழட்டி வெளிய எடுத்தேன், காஞ்ச ஒட்டுப்பால் (மரத்துல ஒட்டிக் காஞ்ச ரப்பர் பால்) மாதிரி வெடிச்சு, மேல் ஓரம் பிதுங்கிப் போய் இருந்துச்சு. ரிம்முக்கு குடுத்த காசுல பாதி கூட ஆகாது நாலு கோனும் மாத்த, மாத்துனா கார் தானா மேல எந்திரிச்சு நிக்கும். அப்புறம் ஒயரம் வேணுங்குற அளவுக்கு செட் பண்ண ஹைலோன்னு ஒரு சாமான் இருக்கு, அத போட்டு அளந்து எறக்குங்க, நான் வேணாம்னு சொல்லல.

சரி, ரிம்முக்கு வர்றேன். 1959 ஆகஸ்ட்ல இந்த கார் வெளிய வந்தப்போ 10 இன்ச் வீல்தான், அப்ப பெரும்பாலான கார்ல அவ்வளவு சின்ன வீல் கெடையாது, டன்லப் இதுக்காகவே டயர் செஞ்சு குடுத்தாங்க. 10 அடி நீளத்துக்குள்ள நாலு பேரும் சாமானும் அடங்கணும்னா வீல் அடைக்கிற எடத்த சுருக்கணும், இந்த கார வடிவமைச்ச இசிகோனிஸ் போட்ட கணக்கு அது. மாண்டி கார்லோ ரேலி பந்தயத்த 1964, 1965, 1967னு மூணு தடவ மினி கூப்பர் எஸ் ஜெயிச்சதும் அதே 10 இன்ச் வீலுலதான், அதனால 10 இன்ச்னா கெழவன் வீல்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க.

கணக்கு ஒன்னு சொல்றேன், பொறுமையா படிங்க. பழைய 145/80ஆர்10 டயரோட (145 மில்லிமீட்டர் அகலம், சைடு ஒயரம் அதுல 80 பர்செண்ட், ரிம் 10 இன்ச்) மொத்த ஒயரம் 486 மில்லிமீட்டர். 165/70ஆர்10 போட்டா 485. பாத்தீங்களா, 20 மில்லிமீட்டர் அகலம் கூடுது, ஒயரம் அப்படியே இருக்கு, ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லாது, கியரும் இழுக்கும், 5 இன்ச் அகல ரிம்ல அழகா ஒக்காரும். அதே 175/50ஆர்13க்கு போனா 505 ஆயிடுது, 4 பர்செண்ட் கூட, மீட்டர் 100 காட்டும்போது நீங்க 104ல போறீங்க, அந்த சின்ன இஞ்சின் மேட்டுல மூச்சு வாங்கும், வீலும் கனமாயிடும், ஸ்டியரிங் இழுக்கும், பேரிங் சீக்கிரம் போயிடும். கம்பெனியே 90கள் கடைசியில 13 இன்ச் போட்டு வித்தாங்க அண்ணேன்னு ஒரு தம்பி கேட்டான், நல்ல கேள்வி, வித்தாங்கதான், ஆனா அதுக்குன்னு அகலமான ஆர்ச் வெச்சு வித்தாங்க, நீங்க ஆர்ச்ச விட்டுட்டு வீல மட்டும் எடுத்துக்கிட்டீங்க. டயர் மட்கார்டுக்கு வெளிய நீட்டிக்கிட்டு நின்னா பரிசோதனையிலயும் பாஸாகாது, ரோட்ல புடிச்சா சம்மன்.

10 இன்ச் எல்லா மினிக்கும் போடலாம்னும் நெனைச்சிடாதீங்க. 1984க்கு அப்புறம் வந்த மினியில முன்னாடி பிரேக் டிஸ்க் 8.4 இன்ச், அதுக்கு 12 இன்ச் வீல்தான் போகும், 10 இன்ச் உள்ள ஏறாது. அந்த கார் வெச்சிருக்குறவங்க 12லயே இருங்க, 165/60ஆர்12 போட்டா ரோட்டுல ஒட்டிக்கிட்டு போகும். டிஸ்க்க கழட்டிட்டு பழைய டிரம் போட்டு 10 இன்ச்சுக்கு எறங்குறேன்னு ஒருத்தன் வந்தான், முடியாதுன்னு திருப்பி அனுப்பிட்டேன். நல்ல பிரேக்க குடுத்துட்டு அழக வாங்குற வேலைய என் பட்டறையில செய்ய மாட்டேன்.

அடுத்தது, இதுதான் எனக்கு ரொம்ப பயம். மினியில வீல் நட்டு ஏறுற நாலு ஸ்டட்டும் 101.6 மில்லிமீட்டர் வட்டத்துல இருக்கு, 4 இன்ச் கணக்கு. இப்ப ஓடுற சின்ன கார் நெறையாவுக்கு 4×100, அதாவது நாலு ஸ்டட், 100 மில்லிமீட்டர் வட்டம். கையில வெச்சு பாத்தா சரியா ஏறுற மாதிரி தெரியும், ஏர் கன் வெச்சு டர்ருனு இறுக்குனா ஏறிக்கும், ஆனா நட்டு நேரா ஒக்காராது, ஒரு பக்கமா கடிச்சுக்கிட்டு நிக்கும், ஸ்டட்டு ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா வளையும், ஒரு நாள் ஒடியும். அந்த பச்சை மினியிலயும் இதே கததான், ஒரு நட்ட தொறக்கும்போது ஸ்டட்டே கையோட வந்துடுச்சு. அலாய் ரிம்முன்னா அதுக்குன்னு இருக்குற நட்டு போடணும், வீல வெளிய தள்ள நடுவுல ஸ்பேசர் போட்டா நீளமான ஸ்டட் போடணும், நட்ட மொதல்ல கையால சுத்துங்க, குறைஞ்சது 9 சுத்தாவது முழுசா ஏறணும், 4, 5 சுத்துல நின்னுச்சுன்னா அந்த ரிம்ம எடுத்துட்டுப் போய் கடையிலயே குடுத்துடுங்க. மாட்டுனதுக்கு அப்புறம் ஒரு 80, 100 கிலோமீட்டர் ஓட்டிட்டு திரும்ப ஒரு தடவ இறுக்கிப் பாக்கணும், இத யாரும் செய்யிறதே இல்ல.

டயர் வாங்கும்போது சைடுல நாலு நம்பர் இருக்கும், 2317னு போட்டிருந்தா 2017ல 23வது வாரம் செஞ்ச டயர்னு அர்த்தம். 10 இன்ச் டயர் வேகமா விக்காது, சில கடையில வருசக்கணக்கா ரேக்ல கெடக்கும், மேல பாலிஷ் அடிச்சா கன்னங்கரேல்னு புதுசு மாதிரி மின்னும். எனக்கே ஒரு தடவ அப்படி ஆச்சு, ஒரு கடையில நம்பி வாங்கி வந்து கஸ்டமருக்கு மாட்டிட்டேன், டயர் பூ (ரோட்ட தொடுற வரி) கூட தேயல, நாலு மாசத்துல சைடெல்லாம் வெடிப்பு. அன்னைல இருந்து நம்பர பாக்காம நான் காச எடுக்குறதில்ல. டவுன்ல டயர் விக்கிற அண்ணமாருங்க இத படிச்சீங்கன்னா, பழச பழசுன்னு சொல்லியே வில்லுங்க, புள்ளைங்க தெரியாம வாங்குறாங்க. காத்தும் அப்படித்தான், அந்த 10 இன்ச்சுக்கு முன்னாடி 28 பிஎஸ்ஐ, பின்னாடி 26 பக்கம்தான், பெரிய காருக்கு அடிக்கிற மாதிரி 36, 38 அடிச்சா எடை கொறஞ்ச கார், டயர் நடுவுல மட்டும்தான் ரோட்ட தொடும், மழையில பிரேக் புடிச்சா சோப்பு மேல போற மாதிரி போகும்.

இடிக்குதா இடிக்கலையான்னு பாக்க என் வழி இதுதான். டயர் தோள்பட்டை முழுக்க சாக்பீஸால வெள்ளையா தேய்ங்க, பின்னாடி ரெண்டு பேர ஒக்கார வெச்சு ஒரு மேடு பள்ளம் ஏத்தி எறக்குங்க, ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் ஒடிங்க, அப்புறம் குனிஞ்சு ஆர்ச்சுக்கு உள்பக்கம் பாருங்க. எங்க வெள்ளை ஒட்டியிருக்கோ அங்க இடிக்குது. பிரேக் ஹோஸ்ல ஒட்டியிருந்தா கார அங்கேயே நிப்பாட்டிடுங்க.

இப்ப எக்சோஸ். அந்த தம்பி பைப்பு ஏன் ஒடிஞ்சுச்சு தெரியுமா, பைப்பு மட்டம்னு நெனைச்சு அந்த கடைக்காரன திட்டிக்கிட்டு இருந்தான். அதுக்கு கடைக்காரன் காரணம் இல்ல. மினி இஞ்சின் குறுக்கால ஒக்காந்திருக்கு, எண்ணெய (பெட்ரோல் பெடல) மிதிச்சா முன்னும் பின்னும் ஆடும், அத புடிச்சிக்கிட்டு இருக்குறது மேல ஒரு சின்ன இரும்பு பார், ரெண்டு பக்கமும் கட்டவிரல் அளவு ரப்பர் புஷ். அந்த புஷ் செத்துப் போனா இஞ்சின் ஆடுற ஆட்டமெல்லாம் எக்சோஸ் பைப்பு மேலதான் எறங்கும், பைப்பு பாடியோட கட்டியிருக்கு, இஞ்சின் ஆடுது, நடுவுல இருக்குறது ஒடியாம என்ன செய்யும். புஷ் ரெண்டும் மாத்த ஆகுற காசு ஒரு நாள் சாப்பாட்டு காசு. எத்தன ஆயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) பைப்பு போட்டாலும் அந்த ரப்பர் இல்லன்னா மூணு மாசம் தாங்காது.

பவர் வேணும்னா கொடுக்குற வழியும் இருக்கு. நம்ம இஞ்சின்ல நாலு சிலிண்டர், ஆனா பொகை வெளிய போற ஓட்ட மூணுதான், நடுவுல இருக்குற ரெண்டு சிலிண்டரும் ஒரே ஓட்டைய பங்கு போட்டுக்குது, பழைய லயத்துல ரெண்டு குடும்பத்துக்கு ஒரு தண்ணி பைப்பு மாதிரி. அதனாலதான் எல்சிபின்னு ஒரு மேனிஃபோல்ட், நடு பைப்ப தனியா நீளமா விட்டு அப்புறம் மத்ததோட சேக்குறது. அதோட ஆர்சி40 மாதிரி சத்தம் கொறைக்குற ரெண்டு பொட்டி வெச்ச எக்சோஸ், நல்ல ஏர் ஃபில்டர், இது மூணும் போட்டா கார்புரேட்டர்ல எண்ணெய் (பெட்ரோல்) அளவ கட்டுப்படுத்துற நீடில் கட்டாயம் மாத்தணும், காத்து கூட வரும்போது எண்ணெயும் கூட வரணும்ல. மாத்தலன்னா பிளக்க கழட்டி பாருங்க, வெள்ளை வெளேர்னு இருக்கும், அப்படியே ஓட்டுனா பிஸ்டன் போயிடும். வெளிர் பழுப்பு நெறத்துல இருந்தா நிம்மதியா தூங்கலாம். பொட்டிய எல்லாம் வெட்டி எடுத்துட்டு வெறும் பைப்பா விடுறதுல சத்தம் வரும், அதுக்காக வண்டி ஓடாது, நான் ஓட்டிப் பாத்துட்டுத்தான் சொல்றேன்.

அந்த சத்தத்த பத்தி இன்னொன்னு. எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி ஒரு அக்கா இன்னும் மரம் வெட்ட (ரப்பர் மரம் சீவி பால் எடுக்க) போறாங்க, காலையில 4 மணிக்கு எந்திரிக்கணும், ராத்திரி 9 மணிக்கெல்லாம் படுத்துடுவாங்க. 11 மணிக்கு ஒங்க மினி அந்த சந்துல போகும்போது அவங்க எந்திரிச்சு ஒக்காந்துடுறாங்க, அப்புறம் தூக்கம் வர்றதில்ல, தூக்கம் இல்லாம இருட்டுல கத்திய புடிச்சிக்கிட்டு மரத்துக்கு மரம் நடக்குறாங்க. என்கிட்ட வந்து கேக்குறாங்க, தம்பி நீதானே இந்த காருக்கெல்லாம் வேல செய்யிறன்னு. நான் என்ன பதில் சொல்றது? ரெண்டு பொட்டி எக்சோஸ்லயும் நல்ல கனமான சத்தம் வரும்டா, கேட்டா ஒங்களுக்கே புடிக்கும், அது சந்துக்குள்ள வந்து யாரையும் எழுப்பாது.

பச்சை மினி இன்னும் என் பட்டறையிலதான் நிக்குது. கோன் நாலும் வந்துடுச்சு, புஷ் போட்டாச்சு, ரிம்முக்கு அந்த தம்பி ஒரு 5×10 (5 இன்ச் அகலம், 10 இன்ச் வீல்) செட் பாத்து வெச்சிருக்கான், அடுத்த மாச சம்பளத்துக்கு அப்புறம் வாங்குவான். இந்த மாசம் எல்லா ஞாயித்துக்கெழமையும் காலையில 9 மணிக்கு பட்டறை தொறந்திருக்கும், யாரு வேணும்னாலும் காரோட வாங்க, டயர், கோன், புஷ், நட்டு எல்லாம் பாத்து சொல்றேன், பாக்குறதுக்கு காசு வேணாம். சாக்பீஸ் என்கிட்ட இருக்கு. வரும்போது பின்னாடி ஒக்கார ரெண்டு பேர கூட்டிக்கிட்டு வாங்க, டயர் சைடுல இருக்குற அந்த நாலு நம்பரையும் எழுதி எடுத்துக்கிட்டு வாங்க, ஸ்பேர் டயரோடதும் சேத்து.

இப்படிக்கு,
ஒங்க பட்டறை அண்ணன்,
சுங்கை சிப்புட்