ஒத்துப் பிடிக்க ஓர் ஆள்

கிளாஸ்கோ,
ஞாயிற்றுக்கிழமை இரவு.

அன்புள்ள மகனுக்கு,

நலம். உன் நலமறிய ஆவல். அம்மாவும் தங்கச்சியும் சுகமாக இருக்கிறார்கள். தைப்பொங்கலுக்குப் பிறகு நீ என்னோடு பேசவில்லை என்பதை எழுதுவதற்காக இந்தக் கடிதத்தைத் தொடங்கவில்லை. தங்கச்சியின் பள்ளிக்கூடத்துப் பிரியாவிடை விழா ஜூன் மாதம் நடக்க இருக்கிறது. அன்று விருந்தினர்களையும் பள்ளியை விட்டுப் போகும் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளையும் மண்டபத்துக்குள் அழைத்து வருவதற்கு அவளைத்தான் இந்த ஸ்கொட்லாந்துக்காரரின் பை வாத்தியமான பைப்பை வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அது தொடர்பாக உன்னிடம் கேட்க வேண்டிய விடயங்கள் சில இருக்கின்றன.

அன்று இடுப்பில் கட்ட அவளுக்கு உன்னுடைய கில்ட்தான் வேண்டுமாம். அதை அந்த வருடமே தருமக் கடைக்குக் கொடுத்துவிட்டோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அம்மா அலுமாரியில் தன் கூறைச்சேலைக்குக் கீழே, என் பழைய வேட்டி ஒன்றில் சுற்றி, பூச்சி உருண்டையும் போட்டு, இத்தனை காலமும் என் கண்ணில் படாமல் வைத்திருந்திருக்கிறார். அது எந்தச் சீட்டுக் காசில் வாங்கியது என்பது உனக்குத் தெரியும். எனக்கு இப்போதுதான் சொன்னார்.

கட்டிலில் விரித்துப் பார்த்தேன். எட்டு யார் துணி. நம் முழத்தில் கணக்குப் பார்த்தால் பதினாறு முழம் வருகிறது. நான் கட்டும் எட்டு முழ வேட்டியில் இரண்டு. அவ்வளவு துணியையும் பின்புறத்தில் மடித்து மடித்து, ஒரு மடிப்பிலிருந்து அடுத்த மடிப்புக்குப் போகும்போது டார்ட்டன் கட்டம் அறுந்துபோகாமல் தொடரும்படி தைத்திருக்கும் கெட்டித்தனத்தை, வாங்கிய காலத்தில் நான் ஒரு தடவையாவது குனிந்து பார்த்ததில்லை. பூச்சி ஒரேயொரு இடத்தில் அரித்திருக்கிறது. உள் மடலில் என்பதால் வெளியே தெரியாது. முன் மடல் காற்றில் பறக்காதிருக்கக் குத்தும் ஊசியை நான் இரண்டு மடலையும் சேர்த்துக் குத்திவிட்டேன். மேல் மடலில் மட்டுமே குத்த வேண்டும், இல்லாவிட்டால் நடக்கும்போது துணி கிழியும் என்று தங்கச்சி சிரித்தாள். அண்ணா இருந்திருந்தால் சொல்லியிருப்பார் என்றும் சொன்னாள். காலுறையில் செருகும் சிறு கத்தியைப் பள்ளிக்கூடத்தில் அனுமதிப்பதில்லை. அதனால் அது வேண்டாம். நீ வருவதாக இருந்தால் உன்னுடையதைக் கைப்பையில் வைத்துவிடாதே, விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள். பெட்டிக்குள் போட்டு அனுப்பு.

நீ தங்கச்சிக்கு அனுப்பிய குரல் பதிவில் இரண்டு தரம் இருமினாய். அதைப் பற்றி அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. பைப்பின் பைக்குள் வாய் ஈரம் தேங்கிப் பூஞ்சணம் பிடிக்கும் என்பது உனக்குத் தெரியாததல்ல. மன்செஸ்டரில் நாள்தோறும் பைப் வாசித்த ஒருவருக்கு நுரையீரல் மெல்ல மெல்லப் பழுதாகி அவர் இறந்துபோனதை, அவருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர்கள் 2016ஆம் ஆண்டு மருத்துவ ஏடு ஒன்றில் எழுதியிருக்கிறார்கள். பைப்பை வீட்டில் விட்டுவிட்டு அவர் மூன்று மாதம் அவுஸ்திரேலியாவில் இருந்தபோது மூச்சு எளிதாகிவிட்டதாம். திரும்பி வந்ததும் பழையபடி ஆகிவிட்டதாம். ஆகவே வாசித்து முடித்ததும் பையைக் கழற்றிக் காயவிடு. ஊதுகுழாயின் உள்ளே துணி விட்டுத் துடை. உங்கள் ஊர்க் குளிரில் குழாய்களின் கருமரமும் வெடிக்கும், அதையும் கவனி. பையைக் காயவிடு.

நீ அங்கே கனடாவில், ஹலிபக்ஸில் ஒரு பள்ளிப் பட்டமளிப்பில் வாசித்த படத்தைத் தங்கச்சி காட்டினாள். அங்கி அணிந்த பிள்ளைகள் வரிசையாகப் பின்னால் வர, நீ முன்னால் நடக்கிறாய். கில்ட்டின் விளிம்பு முழங்காலின் நடுவில் சரியாக நிற்கிறது, விடாமல் சுருதி பிடிக்கும் ட்ரோன் குழாய்கள் மூன்றும் தோளில் விசிறிபோல விரிந்திருக்கின்றன. நோவா ஸ்கோஷியா என்ற பெயருக்கே புதிய ஸ்கொட்லாந்து என்றுதான் பொருள், அங்கே இது புதுமையில்லை என்று அவள் சொன்னாள். படத்தை என் கைத்தொலைபேசிக்கும் அனுப்பச் சொல்லி வாங்கி, வேலை இடத்தில் இரண்டு பேருக்குக் காட்டினேன். ஆனால் ஊரார் பிள்ளைகளின் பட்டமளிப்புக்கு முன்னால் நடக்க உனக்கு நேரம் இருக்கிறது. அம்மாவின் சத்திர சிகிச்சைக்கு வருவதற்கு இருக்கவில்லை. இதை எழுதக் கூடாது என்று நினைத்திருந்தேன், எழுதிவிட்டேன்.

கில்ட்டைப் பாவாடை என்று உன் முகத்துக்கு நேரே சொன்னவன் நான். இந்த நாட்டில் இத்தனை வருடம் வாழ்ந்தும் அதன் கதை எனக்குத் தெரியாது. தங்கச்சியின் சரித்திரப் புத்தகத்தில்தான் படித்தேன். அரசனுக்கு எதிரான கிளர்ச்சியை அடக்கிய பிறகு, 1746இல் சட்டம் போட்டு ஸ்கொட்லாந்து மலைநாட்டு உடுப்பைத் தடை செய்திருக்கிறார்கள். முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை, இரண்டாம் தடவை பிடிபட்டால் ஏழு வருடம் கடல் கடந்த நாடுகடத்தல். 1782இல்தான் அந்தச் சட்டத்தை எடுத்தார்கள். அந்தக் கிளர்ச்சியில் பிடிபட்ட ஜேம்ஸ் ரீட் என்ற பைப்காரர் தான் வாளோ துப்பாக்கியோ எடுக்கவில்லை, பைப் மட்டுமே வாசித்தேன் என்று மன்றாடியும், அதுவும் போர்க்கருவிதான் என்று சொல்லி யோர்க்கில் அவரைத் தூக்கிலிட்டார்கள். நம் வீட்டில் நாதஸ்வரத்தை மங்கல வாத்தியம் என்போம். வேடிக்கை என்னவென்றால், தங்கச்சி வாசிக்கப்போகும் 'ஹைலண்ட் கதீட்ரல்' என்ற மெட்டை இந்த மண்ணின் ஆதி மெட்டு என்று நான் நம்பியிருந்தேன். 1982இல் இரண்டு ஜெர்மன்காரர்கள் ஆக்கியதாம்.

மகன், நம் வீட்டில் என்று மேலே எழுதிவிட்டேன். உன் அப்பப்பாவுக்கு அளவெட்டியில் கோயில் உத்தியோகம் என்று உங்கள் இருவருக்கும் சொல்லி வளர்த்தேன். அது பொய்யில்லை. கோயிலில் நாதஸ்வரம் வாசிப்பதுதான் அந்த உத்தியோகம். 1978இல் எனக்குப் பதினைந்து வயது. எங்கள் பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழாவில் விருந்தினரைப் படலையிலிருந்து மண்டபம்வரை அழைத்து வர அப்பாவைக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு அன்று தமிழ்ப் பாடத்துக்குப் பரிசு. அப்பா கொழும்பில் கிளாக்கர் என்று வகுப்பில் சொல்லி வைத்திருந்தேன். நாங்கள் வெள்ளைக் காற்சட்டையோடு வரிசையில் நிற்க, மேலில் சட்டையில்லாமல், சால்வையை இடுப்பில் கட்டியபடி அவர் வாசித்துக்கொண்டு எங்களைக் கடந்து போனார். போகும்போது தலையைத் திருப்பி வரிசைக்குள் என்னைத் தேடினார். பக்கத்தில் நின்றவன் "ஆரடா அது, உன்னையே பார்க்கிறார்?" என்று கேட்டான். தெரியாது என்றேன். அதைச் சொல்லும்போது அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். அன்று இரவு வீட்டில் அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நாதஸ்வரத்தின் ஊதும் முனையிலிருந்து சீவாளியைக் கழற்றித் துடைத்து வைத்துவிட்டு, பரிசுப் புத்தகத்தை மடியில் வைத்து அதன் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

2014ஆம் ஆண்டு உன் பைப் ஆசிரியர் தொலைபேசியில் என்னை அழைத்து, பிரியாவிடை ஊர்வலத்தை நீ முன்னின்று வாசிக்க வேண்டும் என்று கேட்டபோது, எங்கள் ஆண்பிள்ளைகள் பாவாடை கட்டுவதில்லை என்று சொன்னேன். அவர் விடாமல் கேட்டதும், உனக்கு மூச்சு இழுப்பு இருக்கிறது, மருத்துவர் ஊத வேண்டாம் என்கிறார் என்றும் சொன்னேன். இழுப்பு விடயம் உனக்கு இன்றுவரை தெரியாது. முழங்கால் தெரிவதைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இருக்கவில்லை. விருந்தினருக்கு முன்னால் ஊதிக்கொண்டு நடக்கிற வேலையிலிருந்து நான் எவ்வளவு தூரம் ஓடி வந்தேனோ, அவ்வளவு தூரமும் நீ திரும்பிப் போய் அதே இடத்தில் நிற்கப் போகிறாய் என்றுதான் எனக்குப் பட்டது. அன்று வேறொரு பையன் வாசித்தான். நீ கோட்டும் சூட்டுமாக எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்தாய். அந்தப் பையன் வாசித்து முடிக்கும்வரை உன் பத்து விரல்களும் தொடைமேல் அசைந்துகொண்டிருந்தன. நான் பார்த்தேன், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அன்று நான் பொய்யாகச் சொன்ன வருத்தம் உண்மையாக வந்துவிடக் கூடாது. அதனால்தான் பையைக் காயவிடு, காயவிடு என்று எழுதுகிறேன்.

இனி நான் கேட்க வந்த விடயம். உன் பழைய பையின் தோல் வெடித்துப் போயிருந்தது, புதிதாக மாற்றிவிட்டோம். ட்ரோன்களைச் சுருதி கூட்டுவதுதான் சிக்கலாக இருக்கிறது. அவளுக்குக் கை கட்டை; பையை அமுக்கிக்கொண்டே பெரிய ட்ரோனின் தலைப்பை எட்டித் திருக முடிவதில்லை. மாலையில் அவள் கோடிப்புறத்தில் நின்று ஊத, நான் பக்கத்தில் நின்று மேலும் கீழுமாக நகர்த்துகிறேன். சுருதி விலகியிருக்கும்போது சத்தம் அலை அலையாக அடிக்கிறது. நெருங்க நெருங்க அந்த அலை தளர்ந்து, ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. அந்த இடம் எனக்கு உடனே பிடிபட்டது. எட்டு வயதிலிருந்து நான்கு வருடம் அப்பாவின் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் நின்று, சுருதி பிடிக்கும் ஒத்துக் குழலை ஊதியவன் நான். தங்கச்சிக்கு அதை இன்னும் சொல்லவில்லை.

ஆனால் நடுவில் பெரிய ட்ரோனின் மூட்டு தளர்ந்து இறங்கிவிடுகிறது. அதில் சுற்றும் சணல் நூலுக்கு எந்த மெழுகு பூச வேண்டும், எத்தனை சுற்று சுற்ற வேண்டும், எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்று எழுது. எழுதுவது கரைச்சல் என்றால் தொலைபேசியில் சொல்லு. இரவு பத்து மணிக்குப் பிறகும் நான் விழித்துத்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா