செயலாளர் ஆண்டறிக்கை (2025 ஏப்ரல் – 2026 மார்ச்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், இன்று வந்திருக்கும் பதினாறு உறுப்பினர்களுக்கும் வணக்கம். நம் புகைப்படக் கலை மன்றத்தின் பதிவேட்டில் 52 பெயர்கள் இருக்கின்றன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த ஆண்டு செயற்குழு ஒன்பது முறை கூடியது. தோவாளை பூச்சந்தைக்கு அதிகாலைப் படப்பயணம் ஒன்று நடந்தது. பத்மநாபபுரம் அரண்மனைப் பயணம் வேன் நிறையாததால் கைவிடப்பட்டது. மறைந்த மூத்த உறுப்பினர் ஒருவருக்கு இரங்கல் கூட்டம் நடத்தினோம். இருட்டறையில் இன்றும் ஓடும் என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் கருவி) அவர் கொடுத்தது.

இனி, கறுப்பு வெள்ளைப் பூப்படங்களுக்கு டோனிங், அதாவது மருந்தில் முக்கி நிறம் மாற்றும் வேலை, செய்து பார்த்த நான்கு ஞாயிறுகளைப் பற்றி. சென்ற பொதுக்குழுவில் கைதூக்கி ஒப்புதல் தந்துதான் இது தொடங்கியது. "செல்போனில் ஒரு தட்டு தட்டினால் செபியா வந்துவிடுகிறது, இதற்கு எதற்கு மருந்தும் மாயமும்?" என்று வாட்ஸ்அப் குழுவில் ஓர் உறுப்பினர் கேட்டார். பதினொரு பேர் கட்டைவிரல் போட்டார்கள். அங்கே நான் வாய் திறக்கவில்லை. பதில் இதோ.

செல்போன் படத்தின் மேல் பழுப்புச் சாயம் பூசுகிறது, அவ்வளவுதான். இருட்டறையில், கழுவி முடித்த பிரிண்டைப் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் பொட்டாசியம் புரோமைடும் கலந்த ப்ளீச்சில் போட்டால் படம் மங்கிக் கிட்டத்தட்ட மறைந்தேவிடும். முதல்முறை பார்க்கிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். பிறகு அலசி, சோடியம் சல்பைடு கரைசலில் முக்கினால் பழுப்பாகத் திரும்பி வரும். கறுப்பு வெள்ளைப் படம் என்பது தாளிலுள்ள நுண்ணிய வெள்ளித் துகள்கள்தான். பழுப்பான பிறகு தாளில் இருப்பது வெள்ளி அல்ல, சில்வர் சல்பைடு. வெள்ளியைவிட நெடுநாள் நிற்கும். நந்தியாவட்டையை ப்ளீச்சிலிருந்து பாதியிலேயே எடுத்தோம். வெளிர்ப் பகுதிதான் முதலில் பிடிக்கும் என்பதால் இதழ் மட்டும் பழுப்பேற, பின்னாலுள்ள இலை கறுப்பாகவே நின்றது. அதற்கு மேல் செலினியம் டோனர் கொடுத்தபோது, இயல்பிலேயே கறுப்பு சற்றுப் பழுப்புச் சாயலில் விழும் வார்ம்டோன் தாளில் அந்தக் கறுப்பு கத்தரிக்காய்த் தோல் நிறத்துக்குச் சாய்ந்தது. சாதாரணத் தாளில் கறுப்பு இன்னும் கொஞ்சம் ஆழமானதோடு சரி. செலினியம் நஞ்சு, கையுறை வாங்கிய செலவைக் கேட்டவர்களுக்கு இதுவே விளக்கம்.

செம்பருத்தியில் என் கணக்கு தப்பியது உண்மை. சிவப்புப் பூவும் பச்சை இலையும் கறுப்பு வெள்ளையில் ஒரே சாம்பலாக விழுந்திருந்தன. டோனிங் இரண்டையும் பிரித்துவிடும் என்று நம்பினேன். டோனருக்குப் பூவும் தெரியாது இலையும் தெரியாது. தாளில் எங்கே எவ்வளவு வெள்ளி என்பது மட்டும்தான் தெரியும். இரண்டும் சேர்ந்தே பழுத்தன. படம் எடுக்கும்போதே சிவப்பு ஃபில்டர் போட்டிருந்தால் பூ வெளுத்து இலை கறுத்திருக்கும். பச்சை ஃபில்டர் போட்டிருந்தால் நேர்மாறு. திரும்பப் போய் எடுத்தோம். அந்த இரண்டு ஃபிலிம் ரோலைத்தான் பொருளாளர் "செம்பருத்திச் செலவு" என்று தனித் தலைப்பில் எழுதியிருக்கிறார். அந்தத் தலைப்பு தேவையில்லை என்பது என் கருத்து.

சல்பைடு அழுகிய முட்டை போல நாறும். மாடி டியூஷன் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிவந்தார்கள். கட்டட உரிமையாளர் போன் செய்தார். அந்த வாயு பட்டதில் பிரிக்கப்பட்டிருந்த பிரிண்ட் தாள் பெட்டி ஒன்றும் மூட்டம் அடித்து (வெளிச்சம் படாமலே கறுத்து) வீணானது. ட்ரேயை மொட்டைமாடிக்குக் கொண்டுபோகும்படி நான் சொன்னேன், மழை பெய்தது. தாள் பெட்டியை அந்த வாயு படும் இடத்தில் விட்டது யார் என்று விசாரிக்கவில்லை. அடுத்த வாரமே நாற்றமில்லாத தயோயூரியாவுக்கு மாறிவிட்டோம்.

உலகப் புகைப்பட தினமான ஆகஸ்ட் 19 அன்று பள்ளிப் பிள்ளைகளுக்கு சயனோடைப் செய்து காட்டினோம். 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை, கேமராவே வேண்டாம். மருந்து தடவிய தாளில் முருங்கைப்பூவை வைத்து வெயிலில் காட்டித் தண்ணீரில் அலசினால் நீலத்தில் வெள்ளையாகப் பூ நிற்கும். அதைச் சலவை சோடாவில் வெளுக்கவைத்து, பிறகு கடுந்தேயிலைச் சாயத்தில் ஊறவிட்டால் நீலம் போய்க் கரும்பழுப்பு வரும். ஆரல்வாய்மொழிக் காற்று ஏழு தாளைக் கொண்டுபோனது. அடுத்த முறை கண்ணாடி வைத்து அழுத்த வேண்டும்.

முதல் ஞாயிறு பதினான்கு பேர். இரண்டாம் ஞாயிறு ஆறு. மூன்றாம் ஞாயிறு மூன்று. நான்காம் ஞாயிறு நானும் காவலாளியின் மகனும். பிரிண்டில் மஞ்சள் திட்டு விழுந்ததாக ஐந்து பேர் புகார் சொன்னார்கள். படத்தை நிலைநிறுத்தும் மருந்தான ஹைப்போ போகக் கழுவாவிட்டால் டோனரில் திட்டு விழத்தான் செய்யும். அந்தப் பையன் ஒரு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரம் கழுவுவான். அவன் கழுவியதில் ஒரு திட்டு இல்லை.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறையச் சமம், செலவு சற்றுக் கூடுதல். அந்தச் 'சற்று' இப்போதைக்கு என் கைப்பணம். இருட்டறையில் நனைந்துபோன இரண்டு ரசீதுகள் தவிர மற்றவை கோப்பில் உள்ளன. ஆண்டுச் சந்தா 300 ரூபாய். 31 பேர் கட்டவில்லை. பெயர் வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. கண்காட்சியில் தம் படம் நடுச்சுவரில் வரவேண்டும் என்று கேட்டவர்களும் அதில் அடக்கம்.

தலைவர், செயற்குழுவினர், கட்டட உரிமையாளர், தேநீர்க்கடைக்காரர் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு சங்குப்பூவுக்கு இரும்பு நீல டோனர் செய்து பார்க்கும் எண்ணம் இருக்கிறது. மருந்துக்கும் தாளுக்கும் பணம் இருந்தால் செய்யலாம். இல்லாவிட்டால் பொறுப்பை வேறொருவர் ஏற்பதில் எனக்கு வருத்தமில்லை. ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. யாராவது முன்வந்தால் இன்றே சாவியைக் கொடுத்துவிடுவேன். இல்லையென்றால் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நான்தான் திறப்பேன். சந்தாவை அங்கேயே கட்டலாம், சில்லறை வைத்திருக்கிறேன்.

பணிவன்புடன்,
செயலாளர்