செயலாளர் ஆண்டறிக்கை: உழைத்தவர்களின் குரலைப் பதிவுசெய்த ஓர் ஆண்டு

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் நாம் ஒரே ஒரு தீர்மானம் நிறைவேற்றினோம். இந்த நகரத்தில் உழைத்து வாழ்ந்தவர்களை அவர்கள் வாயாலேயே பேசச் சொல்லிப் பதிவுசெய்வது என்பதே அது. பிரமுகர்களைப் பற்றி எழுத ஆள் உண்டு, மற்றவர்களிடம் போவோம் என்று முடிவெடுத்தோம். ஆண்டு முழுவதும் அந்த வேலையிலேயே கழிந்தது. அதனால் கூட்ட விவரங்களை விட்டுவிட்டு அதைப் பற்றியே சொல்கிறேன்.

முதலில் கேள்வித்தாள். செயற்குழு பல நாள் உட்கார்ந்து, பிறந்த ஆண்டில் தொடங்கி ஓய்வு வரைக்கும் நீளமான பட்டியல் ஒன்றைத் தயாரித்தது. முதல் பேட்டி, அழைப்புகளைக் கையால் இணைத்துக்கொடுத்த காலத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற தொலைபேசி ஆபரேட்டர் ஒருவருடன். கேட்டதற்கெல்லாம் ஒரு வரியில் பதில் சொன்னார், ஏதோ விண்ணப்பப் படிவம் நிரப்புவது போல. நம் உறுப்பினர் ஒருவர் தாளை மூடிவைத்துவிட்டு, "டியூட்டிக்கு வந்து உட்கார்ந்ததும் முதல்ல என்ன செய்வீங்க?" என்று கேட்டார். அந்த அம்மாவின் இரண்டு கைகளும் மேலே எழுந்தன. ஹெட்செட்டை மாட்டுவது, பலகையில் விளக்கு எரிந்ததும் அதன் துளையில் ஒரு பிளக்கைச் செருகி எண் கேட்பது, ஜோடி பிளக்கை அடுத்த முனையின் துளையில் செருகி மணியடிப்பது, பேச்சு முடிந்ததைக் காட்டும் விளக்கு எரிந்ததும் இரண்டையும் சேர்த்து உருவுவது என்று எல்லாவற்றையும் காற்றிலேயே செய்துகாட்டினார். வேலையை மறந்தாலும் கை மறக்காது போலும். ஆனால் குரல்பதிவில் கை தெரியாது. "இப்ப கை எங்கே போகுது, வாயால சொல்லுங்கம்மா" என்று கேட்க அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டோம்.

மௌனத்தைத் தாங்கவும் கற்க வேண்டியிருந்தது. ஈய எழுத்துக் காலத்து அச்சுக்கோப்பாளர் ஒருவரிடம் பேசினோம். எழுத்துகளை வரியாக அடுக்கும் 'ஸ்டிக்' என்ற சிறு தட்டை இடது கையில் பிடித்தபடி, தலைகீழாகவும் கண்ணாடியில் தெரிவது போலவும் நிற்கும் எழுத்துகளை வரிவரியாகப் படிப்பவர். அச்சகம் மூடப்பட்ட நாளைப் பற்றிக் கேட்டதும் அவர் நிறுத்திவிட்டார். அந்த இடைவெளி சங்கடமாக இருந்ததால் நாங்கள் வேறு கேள்விக்குத் தாவிவிட்டோம். பிறகு பதிவைக் கேட்டபோது, எங்கள் கேள்விக்குச் சற்று முன்னால் அவர் மூச்சை இழுத்துப் பேசத் தொடங்குவது தெளிவாகக் கேட்டது. மறுபடி போனோம், காத்திருந்தோம். கடைசி நாளன்று, எடைக்குப் போகப்போகிற எழுத்துகளையெல்லாம் வழக்கம்போல எழுத்துப் பெட்டியில் அதனதன் கட்டத்தில் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனதாகச் சொன்னார். இந்த ஆண்டின் பதிவுகளில் நான் அதிகம் திரும்பக் கேட்டது இதைத்தான்.

ஆண்டுக் கணக்கில் தவறு வந்தால் என்ன செய்வது என்று செயற்குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. ஒரே வேலைநிறுத்தத்துக்கு இரண்டு பேர் இரண்டு வெவ்வேறு ஆண்டுகளைச் சொல்லியிருந்தார்கள். தவறானதை நீக்கிவிடலாம் என்றார்கள் சிலர். இத்தாலியில் தெர்னி என்ற எஃகு ஆலை நகரத்தில் வாய்மொழி வரலாற்று ஆய்வாளர் அலெஸ்ஸாந்த்ரோ போர்தெல்லி செய்த ஆய்வை அங்கே எடுத்துச் சொன்னேன். லூயிஜி த்ரஸ்தூல்லி என்ற தொழிலாளி 1949இல் நேட்டோ எதிர்ப்பு ஆர்ப்பாட்டத்தில் போலீசாரால் கொல்லப்பட்டார். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் பலர் அது 1953இல், ஆலையில் பெரும் ஆட்குறைப்பு நடந்தபோது நிகழ்ந்ததாகவே சொன்னார்கள். அந்த மரணம் அவர்கள் மனத்தில் வேலை பறிபோன காயத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. தவறிய தேதியே அந்த ஊரைப் பற்றி ஏதோ சொல்கிறது என்பது போர்தெல்லியின் வாதம். சரி, சொன்னதைச் சொன்னபடி வைப்போம், ஆவணத் தேதியைப் பக்கத்தில் குறிப்போம் என்று முடிவானது.

கைபேசியில் பதிவுசெய்த ஒரு பேட்டியை இழந்தோம். நடுவில் வந்த அழைப்பு பதிவை நிறுத்திவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. இப்போது தனி ரெக்கார்டர் வாங்கியிருக்கிறோம். ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் பதிவுசெய்கிறோம். ஒற்றை மைக்கில் ஒரு மணி நேரப் பதிவு ஏறக்குறைய 500 எம்பி வரும். மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றை வேறு கட்டடத்தில் வைக்கிறோம்.

எழுத்துப்படிதான் பெரிய சுமை. ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஆறு மணி நேரமாவது ஆகிறது. "போயிருந்தேங்க" என்று சொன்னதைச் "சென்றிருந்தேன்" என்று யாரும் திருத்த வேண்டாம் என மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்த 'ங்க'வில் அவர் எங்களை எப்படி நடத்தினார் என்பது இருக்கிறது.

ஒப்புதலை இருமுறை வாங்குகிறோம்: பேசும் முன் ஒருமுறை, எழுத்துப்படியைப் படித்த பின் ஒருமுறை. இரவுப்பணி செவிலியர் ஒருவர் நோயாளி பற்றிய பகுதியை நீக்கச் சொன்னார், நீக்கினோம். வீட்டுவேலை செய்யும் பெண் ஒருவர் முழுப் பதிவையும் அழிக்கச் சொன்னார். நல்ல பேட்டி, அழித்ததில் சில உறுப்பினர்களுக்கு வருத்தம். எனக்கும் வருத்தம்தான், ஆனால் செய்தது சரி. அவர் வாழ்க்கை, அவர் வார்த்தை.

ஒரு குறையையும் பொதுக்குழு அறிய வேண்டும். பேசியவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற ஆண்கள். அவர்களுக்கு நேரம் இருக்கிறது, நாமும் நமக்கு வசதியான பகல் வேளையில் போகிறோம். வீட்டுக்குப் பொருள் கொண்டுவந்து தரும் இளைஞர்கள், விடிவதற்குள் தெருவைப் பெருக்கி முடிப்பவர்கள் ஆகியோரின் குரல் நம்மிடம் இல்லை. பெண்களிடம் பேசும்போது பக்கத்து அறையிலிருந்து வேறொருவர் பதில் சொல்வதும் நடந்தது. வரும் ஆண்டில் அவர்களுக்கு வசதியான நேரத்தையும் இடத்தையும் அவர்களே சொல்லட்டும்.

அச்சுக்கோப்பாளர் இவ்வாண்டு காலமானார். அவருடைய எழுத்துப்படி அப்போது நம் கையில் பாதியில் நின்றது. ஆயுள் முழுவதும் அடுத்தவர் எழுத்தைக் கோத்தவர், தன் பேச்சை எழுத்தில் பார்க்காமலேயே போய்விட்டார். அந்தத் தாமதத்துக்குச் செயலாளராக நானே பொறுப்பு. அவர் குடும்பத்தார் குரலைக் கேட்டார்கள், பிரதி கொடுத்தோம். இனி பேட்டி முடிந்த ஒரு மாதத்துக்குள் பேசியவரின் கையில் பிரதி சேர வேண்டும் என்ற தீர்மானத்தை முன்மொழிகிறேன்.

தணிக்கை செய்யப்பட்ட கணக்கைப் பொருளாளர் அடுத்துச் சமர்ப்பிப்பார். இரவெல்லாம் விழித்து எழுத்துப்படி எடுத்த உறுப்பினர்களுக்கும், முன்பின் தெரியாத எங்களை வீட்டுக்குள் அழைத்து உட்காரவைத்துப் பேசிய ஒவ்வொருவருக்கும் நன்றி. அறிக்கையை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்