ஜப்பானியரின் ஆங்கிலமும் நம்முடைய ஆங்கிலமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானிய நிறுவனங்களில் வேலை தேடும் நம் இளைஞர்களுக்கு வழிகாட்டும் கட்டுரை ஒன்று அண்மையில் தங்கள் நாளிதழில் வெளிவந்தது. விசா, சம்பளம், மொழித் தேர்வு என்று பயனுள்ள செய்திகள் பல அதில் இருந்தன. ஆனால் ஜப்பானியருக்கு ஆங்கிலம் வராது, நமக்கு வரும், அதுவே நம் பலம் என்ற பொருளில் முடிந்த பகுதியை என்னால் ஏற்க முடியவில்லை. அதைப் படித்துவிட்டு இங்கே வரும் ஓர் இளைஞர் முதல் மாதத்திலேயே இடறுவார் என்பதால் இதை எழுதுகிறேன்.

தஞ்சாவூர்ப் பக்கத்தைச் சேர்ந்த நான், பல ஆண்டுகளாக ஷிசுவோகா மாநிலத்தில் உள்ள ஹமாமட்சு நகரில் வாழ்கிறேன். பியானோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பேர்பெற்ற ஊர் இது. சுற்று வட்டாரத்தில் உள்ள சிறிய, நடுத்தர உதிரிபாக நிறுவனங்களுக்குச் சென்று, வேலை முடிந்த மாலை நேரத்தில் ஊழியர்களுக்கு அலுவலக ஆங்கிலம் கற்பிக்கிறேன். மின்னஞ்சல், அறிக்கை, கூட்டக் குறிப்பு, காணொலிக் கூட்டத்தில் பேசுவது, இவைதான் பாடம். என் மாணவர்கள் வடிவமைப்புப் பொறியாளர்கள், தரக் கட்டுப்பாட்டு அலுவலர்கள், கொள்முதல் பிரிவினர். அவர்களில் பலருக்கு எதிர்முனையில் இருப்பவர் ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ உட்கார்ந்திருக்கும் நம்மவர்தான்.

இவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்று யார் சொன்னாலும் எனக்கு வருத்தமாக இருக்கும். நடுநிலைப் பள்ளியிலும் மேல்நிலைப் பள்ளியிலுமாக ஆறு ஆண்டுகள் ஆங்கிலம் படித்துவிட்டு வந்தவர்கள். 2020 முதல் தொடக்கப் பள்ளியின் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளிலும் ஆங்கிலம் முறையான பாடமாகிவிட்டது. நான் அகராதி புரட்ட வேண்டிய உலோகவியல் கட்டுரைகளை என் மாணவர்கள் சாதாரணமாகப் படிக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்காதது எழுதிப் பழகும் வாய்ப்பு. இங்கே பதவி உயர்வுக்கும் வெளிநாட்டுப் பணிக்கும் பல நிறுவனங்கள் கேட்பது டோயிக் தேர்வின் மதிப்பெண்ணை. ஜப்பானியத் தொழில்துறையினர் கேட்டுக்கொண்டதற்கு இணங்க அமெரிக்காவின் ஈ.டி.எஸ். அமைப்பு உருவாக்கி, 1979இல் தொடங்கிய தேர்வு அது. இரண்டு மணி நேரத்தில் 200 கேள்விகள், மொத்தம் 990 மதிப்பெண். கேட்பதும் படிப்பதும் மட்டுமே அதில் உண்டு. எழுத்துக்கும் பேச்சுக்கும் தனித் தேர்வு பின்னால் வந்தது என்றாலும், நிறுவனங்கள் பெரும்பாலும் பார்ப்பது பழைய 990ஐத்தான். ஒரு வாக்கியம்கூட எழுதாமல் 850 எடுத்தவர், திங்கட்கிழமை காலை சென்னைக்கு ஒரு புகார்க் கடிதம் எழுத உட்காரும்போது திணறாமல் என்ன செய்வார்?

2010இல் இணைய வணிக நிறுவனமான ரகுதெனின் தலைவர் மிகிதானி ஹிரோஷி, அலுவலக மொழி இனி ஆங்கிலம்தான் என்று அறிவித்து, 2012இல் அதை நடைமுறைப்படுத்தியபோது நாடு முழுவதும் பெரிய விவாதம் எழுந்தது. அது பெருநிறுவனங்களின் கதை. என் மாணவர்களின் நிறுவனங்களில் தொழிற்சாலைக்குள் எல்லாமே ஜப்பானிய மொழியில் நடக்கும். கடல் தாண்டிப் போகும் மின்னஞ்சல் மட்டுமே ஆங்கிலம்.

சிறு பிழைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு என்பதற்கு வெள்ளிக்கிழமை வரை அனுப்பு என்று எழுதிவிடுவார்கள். 'யூ ஹேட் பெட்டர்' என்பது பணிவான ஆலோசனை என்று பள்ளியில் படித்ததை நம்பி, வயதில் மூத்த சென்னை மேலாளருக்கு அப்படியே எழுதி, மிரட்டுகிறார்களோ என்று அவரை நினைக்க வைத்துவிடுவார்கள். இவையெல்லாம் ஓரிரு வகுப்புகளில் சரியாகிவிடும்.

சரியாக நாளாவது வேறொன்று. தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கும் ஒரு மாணவர், தமிழ்நாட்டில் உள்ள ஒரு நிறுவனத்துக்குத் தாம் எழுதிய கடிதத்தை வகுப்புக்குக் கொண்டுவந்தார். முதல் பத்தி வழக்கமான ஒத்துழைப்புக்கு நன்றி. இரண்டாம் பத்தியில், சரக்கு எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் பெட்டிகளைப் பிரித்தார்கள், எந்த அளவுகோலை வைத்து அளந்தார்கள் என்று நடந்தது நடந்த வரிசையில் இருந்தது. மூன்றாம் பத்தியில் அளவுகள். நான்காம் பத்தியில், மழைக்கால ஈரப்பதம் காரணமாக இருக்குமோ என்று தங்கள் பக்கமே தவறு இருக்கக்கூடும் என்னும் தன்னடக்கம். கடைசி வரியில்தான், மீதிப் பெட்டிகளை இப்போதைக்கு அனுப்பாமல் இருந்தால் உதவியாக இருக்கும் என்று இருந்தது. கடிதத்தின் தலைப்போ 'பாகங்கள் குறித்து' என்பது மட்டுமே. எதிர்முனையில் இருந்தவர் நன்றிக் கடிதம் என்று நினைத்து முதல் பத்தியோடு நிறுத்திக்கொண்டார். மீதிப் பெட்டிகள் கப்பல் ஏறிவிட்டன.

அந்தக் கடிதத்தில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

சூழலை முதலில் விரித்து, கேட்க வேண்டியதைக் கடைசியில் வைப்பது ஜப்பானிய எழுத்து மரபு. குறிப்பறிந்து புரிந்துகொள்வது படிப்பவரின் பொறுப்பு என்று இங்கே எதிர்பார்க்கிறார்கள். ஆங்கில அலுவலகக் கடிதத்தில் அந்தப் பொறுப்பு எழுதுபவரின் தலையில் விழுகிறது. ஜான் ஹைண்ட்ஸ் என்ற மொழியியலாளர் 1987இல் இந்த வேறுபாட்டை விளக்கி எழுதினார். தமிழ் பேசும் எனக்கு இதைப் புரிந்துகொள்ள ஆய்வு தேவைப்படவில்லை. நம் மொழியிலும் வினை கடைசியில்தான் வருகிறது. காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் நாமும் கேட்கிறோம். (தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்ற பேராசிரியர் சுசுமு ஓனோவின் கருத்தை மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. நான் அந்த விவாதத்துக்குள் போகவில்லை. வாக்கியம் கட்டும் முறையில் இருக்கும் ஒற்றுமையை மட்டுமே சொல்கிறேன்.)

கோரிக்கையை முதல் வரிக்குக் கொண்டுவரும்படி சொன்னபோது அந்த மாணவர் வெகுநேரம் யோசித்தார். செருப்பைக் கழற்றாமல் வீட்டுக்குள் நுழைவது போல இருக்கிறது என்றார். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆகவே நன்றியையும் பணிவையும் நீக்கச் சொல்லும் பாடநூல்களை நான் பின்பற்றுவதில்லை. தலைப்பில் கோரிக்கையும் தேதியும். முதல் வரியில் ஒரு சிறு வணக்கம், உடனே கோரிக்கை. அதன் பின் காரணம், அளவுகள், படங்கள். நன்றியும் வருத்தமும் கடைசிப் பத்தியில், அவர் விரும்பும் அளவுக்கு. இப்படி எழுதிக் காட்டியதும் அவர் முகம் தெளிந்தது. மனிதரின் பண்பை மாற்றச் சொல்லும் உரிமை எந்த ஆசிரியருக்கும் கிடையாது என்றே நான் நினைக்கிறேன்.

இப்போது மொழிபெயர்ப்பு இயந்திரம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். என் மாணவர்கள் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். பலரும் முதலில் ஜப்பானிய மொழியில் எழுதி, மேலதிகாரியிடம் காட்டி ஒப்புதல் வாங்கி, அதன் பிறகே இயந்திரத்தில் போடுகிறார்கள். இலக்கணம் சுத்தமாக வருகிறது. ஆனால் ஜப்பானிய மொழியில் எழுவாய் சொல்லாமலே வாக்கியம் முடியும். தமிழிலும் எழுவாயை விட்டுவிடுகிறோம் என்றாலும், செய்தேன், செய்தார்கள் என்று வினைமுற்றே ஆளைக் காட்டிவிடும். ஜப்பானிய வினைச்சொல் ஆளைக் காட்டாது. 'சரிபார்த்த பிறகு அனுப்புவது' என்று இருப்பதை, யார் சரிபார்ப்பது, யார் அனுப்புவது என்று இயந்திரம் ஊகிக்கிறது. தவறாக ஊகித்தால், பிழையில்லாத ஆங்கிலத்தில் தவறான செய்தி போகிறது. சென்னையில் சரிபார்ப்பார்கள் என்று இங்குள்ளவர்களும், ஜப்பானில்தான் சரிபார்ப்பார்கள் என்று அங்குள்ளவர்களும் காத்திருந்து வாரம் ஓடிவிடும். ஆகவே இயந்திரத்தில் போடுவதற்கு முன்பு ஜப்பானிய வாக்கியத்திலேயே ஒவ்வொரு வினைக்கும் ஆளை எழுதச் சொல்கிறேன். அவர்கள் காதுக்கு அது முரட்டு ஜப்பானிய மொழி. இருந்தாலும் செய்கிறார்கள்.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். சென்னையிலிருந்து வரும் கடிதங்களை மாணவர்கள் அச்செடுத்து, புரியாத இடங்களில் கோடு போட்டு, வகுப்புக்குக் கொண்டுவருகிறார்கள். 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' என்ற வரியின் கீழ் எத்தனை முறை அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டேன்! என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த வரி சொல்லவே இல்லை. குறித்த நாளை முன்னதாக மாற்றுவதற்கு நாம் எழுதும் 'ப்ரிபோன்' என்ற சொல் அவர்கள் வைத்திருக்கும் அகராதியில் கிடைப்பதில்லை. தொகையை 12,50,000 என்று எழுதுகிறோம். நான்கு இலக்கம் சேர்த்து எண்ணிப் பழகி, எழுதும்போது மூன்று இலக்கத்துக்கு ஒரு காற்புள்ளி வைக்கும் ஜப்பானியர், ஓர் இலக்கம் விடுபட்டுவிட்டது என்று நினைத்துத் தயங்குகிறார். 5/6 என்று எழுதினால் நமக்கு ஜூன் 5, அவர்களுக்கு மே 6. முன்னெழுத்தோடு வரும் நம் பெயர்களில் எதைச் சொல்லி அழைப்பது என்று தெரியாமல், கூட்டம் முழுவதும் பெயரே சொல்லாமல் சமாளிக்கிறார்கள். பெயரோடு 'சான்' சேர்த்து அழைப்பது அடிப்படை மரியாதையாக இருக்கும் ஊரில், இது அவர்களுக்கு எவ்வளவு சங்கடம் என்பதை நான் நேரில் பார்க்கிறேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் நம்முடைய 'யெஸ்'. ஜப்பானியர் ஒருவர், இந்தத் தேதி சற்றுக் கடினம் என்று எழுதினால், பெரும்பாலும் முடியாது என்றே பொருள். நம்மவர் அதைக் கடினம்தான், ஆனால் முயன்றால் முடியும் என்று எடுத்துக்கொண்டு திட்டம் போடுகிறார். எதிர்த்திசையில், நம்மவர் வெள்ளிக்கிழமை முடித்துவிடுவோம் என்று ஊக்கத்தோடு சொல்வதை ஜப்பானியர் உறுதிமொழியாகக் குறித்துக்கொண்டு, அதை நம்பித் தம் வாடிக்கையாளருக்குத் தேதி கொடுத்துவிடுகிறார். வெள்ளி போகிறது, திங்கள் வருகிறது, கடிதம் இல்லை. இருவரில் எவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் நம்பிக்கை குலைந்துவிடுகிறது. அதை மீண்டும் கட்டுவதற்கு ஆங்கிலப் புலமை உதவாது.

இங்கே அலுவலகங்களில் 'ஹோரென்சோ' என்றொரு பழக்கம் உண்டு. 1980களில் யாமாசாகி தோமிஜி என்ற பங்குத் தரகு நிறுவனத் தலைவர் பரப்பியது. நடந்ததை அறிவி, தகவலைப் பகிர், முடிவெடுக்கும் முன் கலந்து பேசு. வேலை முடியாவிட்டாலும், ஏன், ஒன்றுமே நகராவிட்டாலும்கூட, இன்றைய நிலை இது என்று இரண்டு வரி எழுதுவது இதில் அடங்கும். முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று பொறுத்திருக்கும் நம் பழக்கத்தை அவர்கள் மௌனம் என்று புரிந்துகொள்கிறார்கள். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. சென்னையில் மாலை ஆறு மணிக்கு அனுப்பும் கடிதம் இங்கே இரவு ஒன்பதரைக்கு வந்து சேர்கிறது. அந்த இரண்டு வரியைப் பிற்பகல் இரண்டு மணிக்குள் அனுப்பினால், இங்கே ஒருவர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்.

காணொலிக் கூட்டங்களில் ஜப்பானியர் வாய் திறப்பதில்லை என்றும் நம்மவர்கள் குறை சொல்வதுண்டு. பேச வேண்டிய பொருளை இரண்டு நாள் முன்பே எழுத்தில் அனுப்பிப் பாருங்கள். தங்களுக்குள் கலந்து பேசி, சொல்ல வேண்டியதை எழுதி வைத்துக்கொண்டு, என் மாணவர்கள் தயாராக வருவார்கள். முன்னறிவிப்பு இல்லாமல் மூன்று பேர் ஒரே நேரத்தில் வேகமாகப் பேசும் கூட்டத்தில் என்னாலேயே குறுக்கே பேச முடிவதில்லை.

வாரத்தின் கடைசி மாலைகளில், எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு, களைத்த கண்களோடு உட்கார்ந்து ஒரே வாக்கியத்தை நாலாவது தடவை திருத்தி எழுதுகிறவர்களை நான் பார்க்கிறேன். ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகளே உள்ளவர்களும் அவர்களில் உண்டு. நமக்குப் புரிய வேண்டும் என்பதற்காகவே அவ்வளவு பாடுபடுகிறார்கள். அதில் பாதி உழைப்பையாவது நம் பக்கம் செலவிட்டிருக்கிறோமா?

ஜப்பானிய நிறுவனங்களோடு வேலை செய்யும் தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகள், புதிதாகச் சேரும் பொறியாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பதைப் போலவே, எளிய ஆங்கிலத்தில் அலுவலகக் கடிதம் எழுதும் பயிற்சியும் கொடுக்க வேண்டும். மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதுவது, தொகைக்கு மூன்று இலக்கக் காற்புள்ளி வைப்பது, யார் எப்போது செய்வார் என்று குறிப்பிடுவது, என்னை இந்தப் பெயரால் அழையுங்கள் என்று கையெழுத்தின் கீழே ஒரு வரி சேர்ப்பது, இவ்வளவு போதும் தொடங்குவதற்கு. பொறியியல் கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவுகளும் குழு விவாதப் பயிற்சிக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு பகுதியை இதற்குக் கொடுக்கலாம். தங்கள் நாளிதழின் கல்வி, வேலைவாய்ப்புப் பக்கத்தில் ஜப்பானைப் பற்றி அடுத்து எழுதும்போது, இங்கே பணிபுரியும் தமிழ்ப் பொறியாளர்கள் சிலரிடமும், அவர்களோடு வேலை செய்யும் ஜப்பானியர் சிலரிடமும் பேசி, இந்தக் கடிதப் போக்குவரத்து எப்படி நடக்கிறது என்பதையும் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி, ஆங்கில ஆசிரியை,
ஹமாமட்சு, ஜப்பான்.